இரத்மலானைக்குப் போய்ச்சேராத செய்தி: ஏர் மார்ஷல் டால்பியாக்கும் 1942 உயிர்த்த ஞாயிறும்

அம்மம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்துக்குப் பக்கத்தில் வீடு. உயிர்த்த ஞாயிறு காலைப் பூசைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய், பூசை முடிந்து வெளியே வரும்போது வானத்தில் பிளேன்கள். "எங்கட பிளேன் எண்டுதான் நினைச்சம், கை காட்டினம்" என்பார். கை காட்டிய பிள்ளைகளை யாரோ ஒரு ஆள் இழுத்துக்கொண்டு போய் மதிலோரம் குந்த வைத்தாராம். பிறகுதான் துறைமுகப் பக்கம் சத்தம் கேட்டது. அன்றைக்கு அடுத்த கிழமைக்குள் குடும்பமாக இரவுக் கோச்சி ஏறி யாழ்ப்பாணம் போய்விட்டார்கள்.

இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது ஜப்பானிய எதிரி விமானம் என்று தெரியாமல் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் இரத்மலானை விமானத்தளத்தில் ஹரிக்கேன் விமானங்களோடு காத்திருந்தவர்களுக்கும் அது தலைக்கு மேல் வரும்வரை தெரியாது. அவர்களுடைய தளபதி டால்பியாக்குக்கோ எதிரிக் கப்பற்படை வருகிறது என்று முதல்நாள் மாலையே தெரியும். தெரிந்த செய்திக்கும் தெரியாத ஆட்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. அதற்கு அந்தத் தளபதியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

கிரேக்கத்தில் பட்டது

ஜோன் ஹென்றி டால்பியாக் 1894 ஜனவரி 28இல் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் விமானியே இல்லை. 1914இல் அரச மரைன் பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். முதலாம் உலகப்போரில் கடற்படையின் விமானப்பிரிவுக்கு மாறி, பின் இருக்கையில் அமர்ந்து கீழே நடப்பதைக் கண்காணிக்கும் ஒப்சேவராகப் பறந்தார். அந்த வேலைக்கு டி.எஸ்.ஓ. விருதும் கிடைத்தது. 1918இல் அரச விமானப்படை உருவானபோது அதற்குள் வந்தார். பார்ப்பதும் பார்த்ததைத் தளத்துக்குச் சொல்வதும் தொழிலாக இருந்த ஒருவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; கொழும்பில் இவருக்குக் கைகொடுக்காமல் போனது அதே வேலைதான்.

1939இல் பலஸ்தீனத்தில் விமானப்படைக்குப் பொறுப்பாக இருந்தார். 1940 அக்டோபர் இறுதியில் இத்தாலி கிரேக்கத்துக்குள் நுழைந்ததும், நவம்பரில் அங்கே அனுப்பப்பட்ட பிரித்தானிய விமானப்படைக்குத் தளபதியாக ஏதென்ஸ் போனார். கையில் இருந்தது சில படையணிகள் மட்டுமே. கிரேக்கத் தளபதிகள் முன்வரிசையில் நிற்கும் தங்கள் காலாட்படைக்குத் துணையாக விமானம் கேட்டார்கள். டால்பியாக் அதற்கு இலகுவில் இசையவில்லை. இருக்கும் குண்டுவீச்சு விமானங்களை அல்பேனியாவில் இத்தாலியர் பொருள் இறக்கும் வலோனா, துராசோ துறைமுகங்கள் மீது அனுப்புவதே மேல் என்றார். கிரேக்கர்களுக்கு மனத்தாங்கல். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பத்து விமானத்தை ஐம்பது இடத்துக்குப் பங்கிட முடியாது.

1941 ஏப்ரலில் ஜெர்மனி இறங்கியதும் எல்லாம் மாறியது. கிரேக்கப் போரில் அரச விமானப்படை இழந்தது 209 விமானங்கள். அவற்றில் வானில் சண்டையிட்டு வீழ்ந்தவை 72. மிச்சம் பெரும்பாலும் தரையில் நிற்கும்போது அடிபட்டவை, இல்லாவிட்டால் பின்வாங்கும்போது கைவிட்டு அழித்தவை. ஏப்ரல் 20 அன்று ஏதென்ஸுக்கு மேலே ஏறத்தாழ 15 ஹரிக்கேன்கள்தான் மிஞ்சியிருந்து சண்டையிட்டன. அதற்குச் சில நாளில் ஆர்கோஸில் தரையில் நின்றவையும் எரிந்தன. எதிரி வருமுன் சொல்ல ஆளில்லாவிட்டால் நல்ல விமானமும் வெறும் இலக்குத்தான் என்பதை அந்த மாதம் அவருக்கு அடித்துச் சொன்னது.

பிறகு ஈராக். அங்கே விமானப்படைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி விபத்தில் காயப்பட்டதால் டால்பியாக் ஹப்பானியா தளத்துக்கு விரைந்தார். சின்னக் கட்டம், கடந்துவிடலாம்.

கொழும்புக்கு வந்தபோது

1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூனும் ஜாவாவும் போயின. நம் ஊரைப் பொறுத்தவரை ரங்கூன் என்றால் அரிசி. பர்மா அரிசி நின்றதும் இலங்கையின் அடுப்பங்கரை வரை போர் வந்துவிட்டது. அந்த மார்ச்சில் அட்மிரல் லேட்டன் இலங்கையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். விமானப்படைப் பக்கத்தில் 222ஆம் குழுமத்துக்குத் தளபதியாக ஏர் வைஸ் மார்ஷல் டால்பியாக் வந்து சேர்ந்தார்.

அவருடைய கைக்குக் கிடைத்த படையணிகளைப் பார்த்தால் மனம் கனக்கும். இரத்மலானையில் 30ஆம் படையணி. கிரேக்கத்துக்கு முதலில் போய் அவருக்குக் கீழ் போரிட்ட அதே அணி. குண்டுவீச்சுக்கு 11ஆம் படையணியின் பிளென்ஹைம் விமானங்கள், இதுவும் கிரேக்கத்தில் இருந்ததுதான். இன்னொரு வேட்டை விமான அணியான 258, சிங்கப்பூரிலும் சுமாத்ராவிலும் ஜாவாவிலும் அடிவாங்கித் தப்பி வந்த விமானிகளைக் கொண்டு இலங்கையில் திரும்பக் கட்டப்பட்டது. ஆக, கொழும்பைக் காக்க வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஒரு தோல்வியைக் கண்ணால் பார்த்தவர்கள்.

258ஐ எங்கே வைத்தார்கள் தெரியுமா? கறுவாத்தோட்டத்தில், குதிரைப்பந்தயத் திடலில். இன்று றக்பி விளையாட்டரங்கும், பழைய பார்வையாளர் மாடத்தில் கடைத்தொகுதியும் இருக்கும் அதே ரேஸ்கோர்ஸ். 1893 முதல் குதிரை ஓடிய நிலத்தில் ஓடுபாதை போட்டார்கள். நான் பல்கலைக்கழகப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த மாடத்தைப் பார்ப்பேன். உயரத்திலிருந்து பார்க்கும் எதிரிக்கு அது வெறும் விளையாட்டுத் திடல். இரத்மலானை ஊரறிந்த விமானத்தளம், ரேஸ்கோர்ஸ் அப்படியில்லை. ஜப்பானியருக்கு அங்கே வேட்டை விமானங்கள் இருப்பது தெரியாது. தரையிலேயே விமானங்களைப் பறிகொடுத்து வந்த ஒரு படைக்கு இந்த ஏற்பாடு பெரிய பலம்.

கோல்ஃப் மைதானத்தில் ஒரு ரேடார் நிலையமும் மார்ச் மாதம் வந்து சேர்ந்தது. கொக்கலை ஏரியில் நீண்டதூரம் பறக்கும் கட்டலினா நீர்விமானங்கள் இறங்கின. கொழும்பில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் கடற்படையின் சங்கேதப் பிரிவினர் ஜப்பானிய வானொலிச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்தான் ஏப்ரல் முதலாம் தேதி வாக்கில் தாக்குதல் வரும் என்று சொன்னது.

வரவில்லை. பிரித்தானிய அட்மிரல் சமர்வில் தன் கப்பற்படையோடு தெற்கே மூன்று நாள் காத்திருந்துவிட்டு, தண்ணீரும் எண்ணெயும் எடுக்க மாலைதீவின் அட்டு தீவுக்குத் திரும்பினார். டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர் போர்க்கப்பல்களைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். ஒரு தடவை 'புலி வருது' என்று சொல்லி வராமல் போனால், அடுத்த தடவை எவ்வளவு விழிப்பு இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஏப்ரல் 4, மாலை நாலு மணி

கனடா விமானப்படையின் 413ஆம் படையணி அப்போதுதான் கொக்கலைக்கு வந்திருந்தது. ஸ்குவாட்ரன் லீடர் லெனார்ட் பேர்ச்சல் வந்து இரண்டே நாள்தான். ஒன்ராறியோ மாகாணத்தின் சென் கத்தரின்ஸில் 1915இல் பிறந்தவர்; வயது 26. அன்று விடியுமுன் பறக்கத் தொடங்கி, ரோந்து முடியப்போகும் நேரத்தில் தெற்கே அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. இலங்கைக்குத் தென்கிழக்கே 350 மைலுக்கு மேல். எண்ணிப் பார்க்கக் கிட்டே போனார். ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிப் படை; அகாகி, ஹிர்யூ, சோர்யூ, ஷோகாகு, ஸுய்காகு என ஐந்து தாங்கிகள். பேர்ல் ஹார்பரை அடித்த அதே படை.

வானொலியில் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியரின் ஸீரோ வேட்டை விமானங்கள் வந்துவிட்டன. வானொலி இருந்த பகுதியில் குண்டு பட்டது, கட்டலினா எரிந்து கடலில் இறங்கியது. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். மற்ற ஆறு பேரையும் ஐஸோகாஸே என்ற நாசகாரிக் கப்பல் தூக்கிக்கொண்டது.

கப்பல் தளத்தில் அவர்களை அடித்து விசாரித்தார்கள்: செய்தி அனுப்பினாயா? இல்லை என்று சாதித்தார்கள். அப்போது கொழும்பிலிருந்து ஒரு வானொலி அழைப்பு, 'செய்தியைத் திரும்ப அனுப்பு' என்று கேட்டதாம். ஜப்பானியர் அதையும் பிடித்துவிட்டார்கள். பிறகு அடி இன்னும் மோசமானது. இதை பேர்ச்சலே பின்னாளில் சொன்னார். ஆனால் முக்கியமான பாதி வந்து சேர்ந்துவிட்டது. எதிரி வருகிறான், இன்ன இடத்தில் நிற்கிறான். கொழும்புக்கு அது போதும்.

அன்று இரவு எல்லாம் நடந்தது. துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் ஓடக்கூடியவற்றை வெளியே அனுப்பினார்கள். இரு குரூசர்களும் சமர்வில்லோடு சேர இரவு பத்து மணிக்குப் புறப்பட்டன. வேறு கட்டலினாக்கள் இருட்டில் போய் எதிரியைப் பின்தொடர்ந்தன. விமானிகள் விடியுமுன்னே ஆயத்தமானார்கள். டால்பியாக் இந்த இரவில் செய்த எதையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. 350 மைல் கடலைத் தாண்டி வந்த செய்தியை அவர் வீணாக்கவில்லை.

ஏப்ரல் 5, காலை

ஜப்பானியத் தளபதி ஃபுச்சிடா தலைமையில் ஏறத்தாழ 125 விமானங்கள். தென்மேற்குக் கரையோரமாக வந்து, எட்டு மணிக்குச் சற்று முன் கொழும்புக்கு மேலே இருந்தன.

ரேடாரிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. கருவி புதிது, இயக்கியவர்களுக்குப் பழக்கம் போதாது, செய்தித் தொடர்பு ஒழுங்காகவில்லை, முறைமாற்ற நேரம் என்று வரலாற்றாசிரியர்கள் பல காரணம் சொல்கிறார்கள். இன்றைக்கும் ஒரே பதில் இல்லை. இரத்மலானையில் 30ஆம் படையணிக்கு முதல் எச்சரிக்கை என்பது தலைக்கு மேல் பறந்த ஜப்பானிய விமானங்கள்தான். குண்டு விழ விழ ஓடிப்போய் ஏறிப் பறந்தார்கள். ஹரிக்கேன் மாதிரி விமானத்துக்கு உயரம்தான் உயிர். கீழிருந்து மெதுவாக ஏறுபவனை மேலிருந்து வரும் ஸீரோ என்ன செய்யும் என்பதை 258இன் ஆட்கள் சிங்கப்பூரிலேயே பார்த்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து திருகோணமலை சீனன்குடாவிலிருந்து ஆறு சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்தன. இரட்டைச் சிறகு, துணி போர்த்திய உடல், வயிற்றுக்கடியில் டோர்பிடோ. யாராவது ஒரு வரி வானொலியில் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார்கள். ஆறும் வீழ்ந்தன.

ரேஸ்கோர்ஸில் கதை கொஞ்சம் வேறு. ஜப்பானியர் அந்தத் தளத்தை அறியாததால் 258இன் 14 ஹரிக்கேன்கள் தடையின்றி ஏறின; துறைமுகத்தின் மேல் குத்திட்டு இறங்கிய குண்டு விமானங்கள் மீது பாய்ந்தன. இருந்தும் 9 விமானம் போயிற்று, ஐந்து விமானிகள் இறந்தார்கள். 30ஆம் அணியிலும் ஐவர். பிரித்தானியர் அன்று சுட்டு வீழ்த்தியதாகச் சொன்ன கணக்கு பெரிது. ஜப்பானியர் உண்மையில் இழந்தது ஏழு.

துறைமுகத்தில் ஹெக்டர் என்ற ஆயுதக் கப்பலும், பழுதுபார்க்க நின்ற டெனடோஸ் நாசகாரியும் மூழ்கின. கப்பல்களை முன்னிரவே கலைத்திராவிட்டால் அழிவு இதைப் போலப் பல மடங்கு இருந்திருக்கும். பிற்பகலில் டோர்செட்ஷயரும் கார்ன்வாலும் நடுக்கடலில் பிடிபட்டன. இருபது நிமிடத்துக்குள் இரண்டும் போயின. 424 பேர் இறந்தார்கள். 1,122 பேர் மறுநாள் மாலை வரை சுறா திரிந்த கடலில் மிதந்து மீட்கப்பட்டார்கள்.

ஊரில் என்ன நடந்தது என்பதை அம்மம்மா சொன்ன மாதிரி எவரும் சொல்லவில்லை. மருதானை ஸ்டேசனில் பெட்டி, பாய், கோழிக்கூடு என்று சனம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அவர்களில் தமிழரும் மலையாளிகளும் நிறையப் பேர், கப்பலில் ஏற்ற இறக்க ஆளில்லாமல் போகுமளவுக்குக் கலைந்தார்கள். போர்க்கால உணவுக்கும் பொதுமக்கள் பாதுகாப்புக்கும் பொறுப்பாக இருந்த ஒலிவர் குணதிலக்கவுக்கு அவர்களைத் திரும்பக் கூட்டிவருவதே பெரும்பாடாயிற்று. பட்டாளத்துக்காரர்கள் பெயர் கல்லில் இருக்கிறது. மூட்டை தூக்கியவன் பெயரை எழுத ஆளில்லை. எனக்கு இது இன்றும் உறுத்தும்.

எங்கே அறுந்தது

கோட்டையிலிருந்து இரத்மலானைக்கு ஏழெட்டு மைல். கடலைத் தாண்டி 350 மைல் வந்த எச்சரிக்கை அந்த ஏழெட்டு மைலைத் தாண்டவில்லை. 'எதிரி வருகிறான்' என்ற செய்தி எல்லோருக்கும் போயிற்று. 'இதோ வந்துவிட்டான், ஏறு' என்ற இரண்டாவது செய்திதான் போகவில்லை. முதலாவது ஒரு துணிச்சலான ஆளால் வரும். இரண்டாவது கருவி, கம்பி, காவல் மாற்றம், ஒத்திகை என்று பத்துச் சின்ன விஷயம் சேர்ந்தால்தான் வரும். அதைக் கட்டுவது தளபதியின் வேலை. டால்பியாக்குக்கு அதற்குக் கிடைத்தது ஒரு மாதத்துக்குள். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனமில்லை, விடுவிக்கவும் மனமில்லை. ஆர்கோஸில் பட்டவர் அவர். எத்தனை விமானம் என்பதைவிட எத்தனை நிமிட அவகாசம் என்பதே முக்கியம் என்று இலங்கையில் வேறு எவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவகாசம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி வெளியே தேட வேண்டாம். நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9, திருகோணமலை. அங்கிருந்த ரேடார் ஏறத்தாழ 90 மைல் தூரத்திலேயே எதிரியைப் பிடித்துவிட்டது. சீனன்குடாவின் 261ஆம் படையணி, குண்டு விழுமுன்னே வானில் இருந்தது. இழப்பு அங்கேயும் கடுமைதான். ஹெர்மிஸ் விமானந்தாங்கியும் வம்பயர் நாசகாரியும் கடலில் மூழ்கின. ஆனால் தரையில் நின்று அடிவாங்கவில்லை. தளபதி அதே ஆள், விமானம் அதே ஹரிக்கேன்.

அதே நாளில் 11ஆம் படையணியின் ஒன்பது பிளென்ஹைம்கள் நகுமோவின் படையைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தன. இந்தத் தடவை எச்சரிக்கை இல்லாமல் அகப்பட்டது அகாகி. குண்டுகள் கப்பலுக்குப் பக்கத்தில் விழும்வரை அவர்களுக்குத் தெரியாது. ஒன்றும் படவில்லை. திரும்பி வந்தவை நாலு. இரண்டு மாதம் கழித்து மிட்வேயில் அதே அகாகி அமெரிக்கக் குண்டுகளில் எப்படிப் போயிற்று என்பது எல்லோரும் அறிந்த கதை. அதற்கான ஓட்டை ஏப்ரல் 9 அன்றே தெரிந்திருந்தது.

இதை எழுதும்போது 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத்தாக்குதல் நினைவுக்கு வராமல் இல்லை. கொழும்பில் உயிர்த்த ஞாயிறு என்றால் இன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவில்தான். அந்த முறையும் எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் தேதியே வெளியிலிருந்து வந்துவிட்டது. கிடைத்த தகவல்மேல் நடவடிக்கை எடுக்காதது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லி, நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 1942இல் தளபதி கேட்டுச் செயல்பட்டார், கம்பி அறுந்தது. 2019இல் என்ன அறுந்தது என்று எனக்குத் தெரிந்தவர்களின் வீடுகளில் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு

டால்பியாக் அந்த ஆண்டு முடியுமுன் இலங்கையை விட்டுப் போனார். இங்கிலாந்தில் குண்டுவீச்சு விமானங்களின் 2ஆம் குழுமம், அப்புறம் 1943இல் ஐரோப்பியப் படையிறக்கத்துக்காக உருவாக்கிய இரண்டாம் டாக்டிகல் விமானப்படையின் முதல் தளபதி. படையிறக்கத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, 1944 ஜனவரியில் அந்தப் பதவி இன்னொருவருக்குப் போயிற்று. டால்பியாக் மத்தியதரைக்கடல் பக்கம் துணைத் தளபதியானார். ஆள் பற்றாத இடத்தில் நின்று தாங்கவும், இல்லாததைக் கட்டி எழுப்பவும் அவரைக் கூப்பிட்டார்கள். வெற்றி வரும் நேரத்தில் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

1947இல் ஏர் மார்ஷலாக ஓய்வுபெற்று, லண்டன் விமான நிலையத்தின், அதாவது ஹீத்ரோவின், கமாண்டன்ட் ஆனார். கூடாரங்களைப் பயணிகள் மண்டபமாக வைத்துத் தொடங்கிய இடம் அது. பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார்; வரும் ஒவ்வொரு விமானமும் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு இறங்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பதுதான் அங்கே வேலை. 1963 ஆகஸ்ட் 20 இறந்தார்.

பேர்ச்சல் உயிரோடு இருக்கிறார் என்பது நெடுநாள் கனடாவுக்குத் தெரியாது. ஜப்பானில் கைதிமுகாம்களில் மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தார். நோயாளிக் கைதிகளை வேலைக்கு இழுத்தபோது எதிர்த்து நின்றார், அடிபட்டார். யார் எப்போது எப்படி இறந்தார் என்று ஒளித்து ஒளித்துக் குறிப்பெழுதினார். போருக்குப் பிறகு அந்தக் குறிப்புகள் போர்க்குற்ற விசாரணைக்குச் சாட்சியாயின. அவரை இலங்கையின் மீட்பர் என்று அழைத்தார்கள். டால்பியாக் இறந்த அதே 1963இல் அவர் ஏர் கொமடோராக, கிங்ஸ்டனில் தான் படித்த அரச இராணுவக் கல்லூரியின் தலைவராகி, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் படைநடத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மம்மாவுக்கு இந்த இரண்டு பேரின் பெயரும் தெரியாது. மதிலோரம் இழுத்துக் குந்த வைத்த அந்த ஆளின் பெயரும் தெரியாது. அவர் மூட்டை தூக்கும் வேலைக்காரர், தோளில் சாக்கு இருந்தது என்று மட்டும் சொல்வார்.